சிலிண்டர் ஹெட்டுக்கு மாடு பூட்டிய கதை

பி.எஸ்.சி. பௌதிகம் படித்தவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. மீனாட்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அந்தப் படித்தவன் நான்தான். அவரவர் இஷ்டத்துக்கு மசாலா சேர்த்துச் சொல்வதால், ஒருமுறை நானே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம். கோயமுத்தூரில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்திருந்தேன். காதை மூடிய முடி, ஊர்த்தெருவைக் கூட்டிக்கொண்டே வரும் பேன்ட். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. (அப்படி ஒரு நினைப்பு!)

என் அத்தை மகள் சரோஜாவுக்குப் பாலக்காட்டில் டீச்சர் ட்ரெயினிங் இன்டர்வியூ வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை. மாமாவுக்கு அவளை அனுப்பவே மனசில்லை.

"வயசுப்புள்ளயத் தனியா பஸ்ஸுல ஏத்தி உடமாட்டேன். நம்ம காரு பாலக்காடு போயிச் சேரும்னா போகட்டும். இல்லீன்னா ஊட்டுல இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

அந்தக் காரோ சின்ன மேட்டைக் கண்டாலே இருமி, கரும்புகை கக்கி நின்றுவிடும்.

"உள்ள கார்பன் அடைச்சிருக்குங்க மாமா. ஹெட்டக் கழட்டிச் சுரண்டிட்டா பறக்கும். அரைநாள் வேலை" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

ஹெட் என்பது எஞ்சினுக்கு மேலே கனமான இரும்பு மூடி. வியாழன் காலை காரை வேப்பமரத்தடிக்குத் தள்ளி, பதினொரு நட்டையும் கழட்டினேன். மூடி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். மரச்சுத்தியால் தட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினேன்; ஸ்க்ரூ டிரைவர் வளைந்தது. இங்கிலீஷில் திட்டினேன். ம்ஹூம்.

மணிக்கொரு தரம் சரோஜா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க மச்சான், வந்துருச்சுங்களா?"

"வந்துட்டே இருக்குது அம்மிணி. நீ போயி இன்டர்வியூவுக்குப் படி."

தோட்டத்து ஆயில் எஞ்சினை ஓட்டுவது, மக்கர் பண்ணினால் பிரித்து மாட்டுவது எல்லாம் அவள்தான். அவளைக் கேட்டிருக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி.யிடம் பி.எஸ்.சி. போய்க் கேட்பதா?

பதினொரு மணிக்கு எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான். மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கப்பி ஒன்று தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் கிடந்தது. அதை வேப்பமரத்தின் தடித்த கிளையில் கட்டினேன். வடக்கயிற்றின் ஒரு முனை ஹெட்டுக்கு, மறுமுனை நுகத்தடிக்கு. நுகத்தில் மயிலைக் காளையும் செவலைக் காளையும். கூடிவிட்ட கூட்டத்துக்கு விசை, பாரம் என்று ஒரு பிரசங்கமும் நடத்திவிட்டு, மாட்டைத் தட்டினேன்.

கயிறு விறைத்தது. கிளை முனகியது. மேலே வந்தது.

ஹெட் அல்ல. கார்.

முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பி, அந்தரத்தில் மெதுவாகச் சுற்றின. பால் கேனோடு சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"ஏந்தம்பி, காருக்கு லாடம் அடிக்கறயா?"

ஊரே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்து, "அந்த சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துப் பொட்டில வெச்சுரு அம்மிணி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சரோஜா உள்ளே போகவில்லை. தாவணியை இழுத்துச் செருகினாள். "மொதல்ல மாட்டை அவுத்து உடுங்க மச்சான். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஆயில் எஞ்சின் வேற, காரு வேற" என்றார் மாமா.

"ரெண்டும் ஒண்ணுதானுங்கப்பா. அதுல ஒரு பிஸ்டன், இதுல நாலு."

மாட்டைப் பின்னுக்கு நடத்தி அவிழ்த்தேன்; கார் தரையில் இறங்கியது. பால் கறக்கும் முன் மடியைத் தடவிப் பார்ப்பாளே, அப்படி ஹெட்டைச் சுற்றி விரலை ஓட்டினாள். கன்றுக்குட்டி கட்டும் நூல்கயிற்றில் இரண்டு எடுத்து எண்ணெயில் நனைத்தாள். முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, முதல் பிஸ்டனையும் கடைசிப் பிஸ்டனையும் கீழே இறக்கினாள். மேலே ப்ளக்கைக் கழட்டி, அந்தத் துவாரம் வழியாக ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றை உள்ளே திணித்துக்கொண்டே போனாள், நுனி மட்டும் வெளியே தொங்கும்படி.

"இதெல்லாம் எந்த புஸ்தகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா ஹேண்டிலைச் சுத்துங்க மச்சான். மெதுவா."

சுற்றினேன். உள்ளே பிஸ்டன் ஏறியது, கயிறு அமுங்கியது, அமுங்கிய கயிறு ஹெட்டை முட்டியது. டப்! இட்லிப்பானை மூடி எழும்புவது போல ஹெட் நான்கு பக்கமும் சமமாக எழும்பி நின்றது. ஒரு கீறல் இல்லை.

"மேலருந்து இழுத்தா வண்டிதானுங்க வரும். உள்ளருந்து தள்ளோணும்" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. அந்த நிமிஷம் என் டிகிரியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

மத்தியானம் முழுக்க அவள் சுரண்டினாள், பூட்டினாள். நான் நட்டு கழுவினேன். (பதவி இறக்கம்.) ஐந்து மணிக்கு மாமா காரை எடுத்துக்கொண்டு போய் மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இருமல் இல்லை, புகை இல்லை. இறங்கி, மகளிடம் ஒரே வார்த்தை: "காலைல அஞ்சரைக்கு ரெடியா இரு."

இன்டர்வியூவில் அவள் நகத்தில் அப்பியிருந்த கரியைப் பார்த்து ஒரு அம்மா, "இதெந்தா கையில்?" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். (என் பாகத்தை விட்டிருக்கலாம்.) சிரித்து முடித்துவிட்டு இடம் கொடுத்தார்கள்.

அப்புறம் முப்பது வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரோஜா டீச்சர். விசை பற்றிய பாடம் வந்தால் நான்தான் உதாரணம். போர்டில் மரம், கப்பி, மாடு, தொங்கும் கார், ஓரத்தில் பெரிய பேன்ட் போட்ட ஒரு உருவம். இப்படி இரண்டு தலைமுறை என்னைப் படித்துப் பாஸானது.

போன மாதம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

"சார், நான் சரோஜா டீச்சர்கிட்டப் படிச்சவனுங்க. ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அன்னிக்கு வலத்துல எந்த மாட்டைக் கட்டுனீங்க?"

"மயிலைதான்."

"அதான பாத்தேன்!" என்று தொடையில் தட்டினார். "செவலையைக் கட்டியிருந்தா ஹெட்டு வந்திருக்குமுங்க."