மெல்லிய குரலைக் காணவில்லை

சுங்கை பினாங்,
வியாழக்கிழமை மாலை.

பொது அறிவிப்பு: வில்லியம் அவர்கள் இயற்றிய திருவிழாப் பாட்டின் மெல்லிய குரல் நேற்று புதன்கிழமை முதல் காணவில்லை. கடைசியாகப் பார்த்த இடம், என் லேப்டாப். கண்டவர்கள் தெரிவிக்கவும். சன்மானம் இல்லை.

மதிப்பும் பாசமும் நிறைந்த வில்லியம் மாமாவுக்கு, மருமகன் டேரன் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு அம்மாவும் நட்டாலி அக்காவும் நலம், நானும் உடம்பளவில் நலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் நீங்களும் அத்தையும் நலமென்றும், பட்டறையில் பிறர் காரைக் கழற்றி மாட்டிய பிறகு கையில் ஒரு போல்ட் கூட மிஞ்சுவதில்லை என்றும் நம்புகிறேன். வாட்ஸாப் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நம் பாடகர் குழுவின் வாட்ஸாப் அட்மின் கெல்வின் அண்ணே, அதனால்தான். என்னைச் சந்தேகப் பிராணி என்று அம்மா சொல்வார். முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நம் பாடகர் குழுவில் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் கணினியில் எழுதி அனுப்பும் பாட்டை நான் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஆடியோவாக மாற்றிக் குழுவில் போடுகிறேன், அவர்கள் சமைக்கும்போதும் மோட்டாரில் போகும்போதும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்கிறார்கள். ஆடியோ எப்படியோ பாட்டும் அப்படி. நீங்கள் அனுப்பிய கோப்பை வந்த அன்றே போட்டுக் கேட்டேன். கணினி, கடைசி வரியில் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இறங்கியது, எனக்கே கண் கலங்கியது. அதே பாட்டு ஆடியோவாக வெளியே வந்தபோது முதல் எழுத்திலிருந்து ஆமென் வரை ஒரே சத்தம். திரையில் அலையின் படம் போட்டுப் பார்த்தேன். பினாங்கு மலை மாதிரி ஏறி இறங்க வேண்டியது, ரொட்டி பெங்காலி பிரெட் மாதிரி ஒரே உயரத்துக்கு நின்றது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தது குழுவில் போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான், அதற்குள் இருபத்திரண்டு பேரும் கத்தவே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நேற்று ஒத்திகைக்குப் பாதர் வந்தார். கடைசி வரி, ‘கண்ணுறங்கு பாலகனே’. சோப்ரானோ வரிசையின் நடுத்தூண் ரோசம்மா ஆன்ட்டி அந்த வரியைப் பாடியதில் பீடத்தின் பூச்சாடியே லேசாக நடுங்கியது. பாதர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ரோசம்மா, பாலகன் தூங்கணும்மா.”

“அதான பாதர் பாடுறோம்.”

“தூங்குனவனையும் எழுப்பி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டீங்களே லா.”

“தம்பி அனுப்புனதுல இப்படித்தான் இருக்கு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, டேரனைக் கேளுங்க.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாதர் தாழ்ந்த குரலில், “சனிக்கிழமை ஒருமுறை கேக்குறேன். இப்படியே இருந்தா ஞாயித்துக்கிழமை திருவிழாவுல பழைய பாட்டையே பாடிடுவோம்,” என்றார். உங்கள் பாட்டு, மாமா. எட்டு மாதம் எழுதியது.

உடனே விசாரணையில் இறங்கினேன். குழுவின் தொழில்நுட்ப இயக்குநர் என்ற முறையில் (பதவியை நானே கொடுத்துக்கொண்டேன்) பாட்டைப் பதினொரு முறை ஆடியோவாக ஏற்றுமதி செய்தேன். எல்லா ஒலியையும் சமமாக்கும் கட்டத்தில் சரிக்குறி போட்டேன், எடுத்தேன். பியானோவை மாற்றி ஆர்கன் வைத்தேன். எம்பித்ரீ கோப்பாகவும் போட்டேன், வேவ் கோப்பாகவும் போட்டேன், எல்லாம் ரொட்டி பெங்காலிதான். அடுத்து, போன மாதம் என் லேப்டாப்பின் விசிறியைச் சரிசெய்த கடைக்கார அலாவுதீன் பாயிடம் போய், உள்ளே ஏதாவது செய்தீர்களா என்று மறைமுகமாகக் கேட்டேன். அவருக்கு மறைமுகம் புரிந்துவிட்டது. “தம்பி, நான் தூசியத்தான் தட்டுனேன், உங்க பாட்டையெல்லாம் தட்டல. அடுத்த ஆளுக்கு வழி விடுங்க,” என்றார். ஒரு ஆள் கழிந்தார். மிச்சம் கெல்வின் அண்ணே.

காரணம் இருக்கிறது மாமா. கடைசி வரியை எல்லாரும் பாடிய பிறகு இன்னொரு முறை தனியாகப் பாட நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள், பத்து வருடமாகப் பாடும் அவரை அல்ல. மெல்லப் பாடவேண்டிய இடமே இல்லாமல் போனால் எனக்கு என்ன வேலை? அதற்குமேல், இரண்டு வாரத்துக்கு முன் ஒத்திகையில் அவர் என் லேப்டாப்பைத் தொட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நேற்று ஒத்திகை முடிந்ததுமே எல்லார் முன்னாலும் கேட்டும்விட்டேன்.

“அண்ணே, என் லேப்டாப்ல என்ன பண்ணீங்க?”

“சார்ஜர் எடுத்தேன்டா. ஃபோன் செத்துப் போச்சு.”

“சார்ஜர் வெளியதான இருக்கு. மூடிய ஏன் தொறந்தீங்க?”

“நான் எங்கடா தொறந்தேன்?”

“பாட்டு கெட்டுப்போனா உங்களுக்கு என்ன லாபம்னு எனக்குத் தெரியும்ணே.”

பாயான் பாரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து நேரே வந்தவர், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸாப் குழுவிலிருந்தும் வெளியேறினார். குற்றமில்லாதவன் ஏன் ஓடவேண்டும்? அடிக்குரல் பாட இருந்ததே அவர் ஒருவர்தான், இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் நான் அசரவில்லை. கோப்பில் நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை என்று பீடத்தின் முன் நின்று சொல்லத் தயார். அவரைக் கூப்பிட்டு உண்மையை வாங்குங்கள், பாட்டைக் காப்பாற்றுங்கள்.

இந்தக் கடிதத்தை நட்டாலி அக்கா நாளை காலை நேரில் கொண்டுவருவாள். உறை ஒட்டிய இடத்தில் என் கையெழுத்து இருக்கும், கலைந்திருந்தால் அவளையும் விசாரிக்கவும். உங்களுக்கும் அத்தைக்கும் நீண்ட ஆயுளும், பாலத்தில் நெரிசலில்லாத காலைகளும் அருளும்படி ஆண்டவரை மன்றாடும்,

உங்கள் டேரன்

பி.கு.: கையெழுத்தைக் கலைத்தது நான்தான். ஆதாரமாக உங்கள் இசைக்குறிப்பை அச்செடுத்து உள்ளே வைக்கலாமென்று கோப்பைத் திறந்தேன். மெல்ல என்பதற்கு நீங்கள் ‘பி’ போட்ட இடங்களிலெல்லாம் ‘பாதர் பின்னாடி நிக்கிறார்’ என்று இருந்தது. பலமாக என்பதற்கு ‘எஃப்’ போட்ட இடங்களில் ‘பஸ் போயிருச்சு, கத்து’. அச்செடுத்துக் கொடுத்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று, கோப்பு வந்த மறுநாள் பதினான்கு இடத்தில் மாற்றியது நான். நம் ஆட்கள் வாசிக்கமாட்டார்கள் என்பதால் அச்செடுக்கவே இல்லை, மறந்தும் போனேன். மாற்றிய பிறகு மென்பொருளிலேயே ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கணினிக்கு அந்த எழுத்துகள் மட்டும்தான் கட்டளை, என் நகைச்சுவை அதற்கு வெறும் கிறுக்கல். கடைசி வரியில் மட்டும் ‘பி’யைத் திரும்பப் போட்டு ஏற்றுமதி செய்தேன். இறங்கிவிட்டது மாமா, அப்படியே.

மற்ற பதின்மூன்றும் எங்கெங்கே என்று ஞாபகமில்லை. உங்கள் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். கடிதம் கிடைத்ததும் மூலத்தை மறுபடி அனுப்புங்கள், நாளை இரவுக்குள் எல்லாருக்கும் புது ஆடியோ போட்டுவிடுவேன்.

கெல்வின் அண்ணே வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சனிக்கிழமை எத்தனை மணிக்கு?” என்றார். ஐந்து என்றேன். “சாப்பிட்டியா?” என்றார். திட்டியிருக்கலாம் மாமா. உட்கார்ந்து இரண்டு தட்டு மீ கோரிங் சாப்பிட்டேன்.