வண்டிக்கா, பெனால்டிக்கா?

பிரிக்பீல்ட்ஸ்,
14 நவம்பர் 1934, புதன்கிழமை.

கோலாலம்பூர் – கிள்ளான் கால்பந்து லீக்கின் கௌரவச் செயலாளரும், கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், என் வருங்கால மாமனாருமாகிய இராமலிங்கம் மாமா அவர்களுக்கு, நாகையா வணங்கி எழுதுவது.

சனிக்கிழமை மாலை என் கூட்ஸ் வண்டி நானில்லாமல் கிள்ளானுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் நீங்கள். மற்றபடி இங்கு நான் சுகம். அங்கு தாங்களும் அத்தையும் தங்கமணியும், முருங்கை மரத்தில் கட்டியிருக்கும் ஆடு உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரயிலில் டிக்கெட் வாங்கி ஏறியதைத் தவிர வேறு தொடர்பில்லாத நான் எப்படிக் காரணமாவேன் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "நடுவர் வேலை தொண்டு. வேறொரு இடத்தில் உழைத்துச் சாப்பிடுகிறவன் ஊதினால்தான் விசிலில் நேர்மை இருக்கும். அதற்கென்றே ஆளை வேலைக்கு வைத்தால் விசில் கெட்டுப்போகும்" என்று பேசியவர் நீங்கள். கைதட்டியவர்களில் நானும் உண்டு. தங்கமணியை எனக்குப் பேசி முடித்து அப்போது நான்கு நாள். நீங்கள் தும்மியிருந்தாலும் தட்டியிருப்பேன். ஆனால் மாமா, வேறொரு இடத்தில் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அந்த வேறொரு இடத்தில் ஒரு மேலதிகாரி இருப்பார், சனிக்கிழமை மாலை அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வலது பக்கத் தடுப்பாட்டக்காரராக வந்து நிற்பார் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. நம் லீக்கில் பள்ளிக்கூட வாத்தியார் தன் தலைமை வாத்தியாருக்கு ஊதுகிறார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நண்பர் ஒருவர் சனிக்கிழமை தான் கண்டும் காணாமல் விட்ட முழங்கால்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தானே கட்டுப் போடுகிறார். இதற்குத் தொண்டு என்று பெயர். நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டாம்.

சனிக்கிழமை ஆட்டம் எங்கள் ரயில் யார்டு குமாஸ்தாக்களுக்கும் சாலாக் செலாத்தான் செங்கல் சூளைக்காரர்களுக்கும். குமாஸ்தாக்களுக்குக் காலில் பூட்ஸ். சூளைக்காரர்களுக்குக் காலில் கால். திடல் தண்டவாளத்தை ஒட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் நான்கு மணிக்கு. நான் கார்டாகப் போக வேண்டிய கிள்ளான் கூட்ஸ் ஆறு மணிக்கு. ஊதி முடித்து நேரே ஏறிக்கொள்ளலாம் என்று என் கோட்டையும் டிபன் கேரியரையும் முன்கூட்டியே வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றே முக்காலுக்கு மழை பிடித்தது. ஐந்துக்குத்தான் விட்டது. நான் யார்டு தலைவரான யாழ்ப்பாணத்துக்காரர் கார்த்திகேசு அவர்களிடம் போய், "சார், இப்ப ஆரம்பிச்சா முடிய ஆறரை ஆகும். ஆறு மணிக்கு வண்டி இருக்கு" என்றேன். அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "வண்டி நிக்கும் காணும். என்ர சொல்லில்லாமல் எந்த வண்டி போறது? நீர் ஊதும்" என்றார். என் கல்யாண லீவுத்தாள் அவர் மேஜையில் ஒன்பது நாளாகக் கிடந்தது. ஊதினேன்.

மாமா, மழைக்குப் பின்னால் அந்தத் திடலை நீங்கள் பார்க்க வேண்டும். தரையெல்லாம் ஆவி எழும்பி முழங்கால் உயரத்துக்கு நின்றது. குட்டைகளில் ஆகாயம் கிடந்தது, ஆட்டக்காரர்கள் மேகத்தை மிதித்து மிதித்து உடைத்தார்கள். உடைந்த மேகம் அவர்கள் போனதும் மறுபடி கூடியது. சூளைக்காரர்களின் உடம்பில் கழுவிக் கழுவியும் போகாத செங்கல் நிறம் மழையில் கரைந்து கெண்டைக்காலில் சிவப்பாக வழிந்தது. பந்து எங்கோ மிதந்து போனது, எல்லோரும் அதன் பின்னால் சத்தமில்லாமல் போனார்கள். நான் ஓடுகிறேனா, படுத்துக் கிடந்து இதையெல்லாம் நினைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஒரு வேலை மட்டும் எனக்கு இருந்தால் போதும், வேறு மேஜை வேண்டாம், வேறு கையெழுத்து வேண்டாம் என்று தோன்றியது. தண்டவாளத்தில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. கைகாட்டி இறங்கியாகிவிட்டது. டிரைவர் பக்கிரிசாமி அண்ணன் எஞ்சினுக்கு வெளியே தலையை நீட்டி, நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. சூளைக்காரர்களின் முன்னாட்டக்காரன் சடையன் பந்தோடு கோலை நோக்கிப் போனான். கார்த்திகேசு அவர்கள் பந்தை நோக்கி வரவில்லை. கால் விரலை நோக்கி வந்தார், பூட்ஸோடு மிதித்தார். பத்தடியில் நின்று பார்த்தேன். எனக்கு லீவுத்தாள் தெரிந்தது, தங்கமணி தெரிந்தாள், பந்தலுக்கு நீங்கள் சொல்லி வைத்திருக்கும் வாழைமரம் தெரிந்தது. அதையெல்லாம் தாண்டி அந்த விரலும் தெரிந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு நீளமாக நான் ஊதியதில்லை.

இங்கேதான் உங்கள் லீக் வருகிறது. லீக் எனக்கு விசில் வாங்கித் தரவில்லை. நான் ஊதுவது கார்டு விசில். லீக் கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேனுக்குக் கொடி வாங்கித் தரவில்லை. துணிக்கடை நஜ்முதீன் பாய்தான் லைன்ஸ்மேன். தன் கடையிலிருந்து கிடைத்த துண்டைக் கொண்டுவருவார். போன வாரம் பூப்போட்டது. இந்த வாரம் பச்சை. ஆட்டம் முழுக்க வேலியோரம் நின்ற ஒரு அம்மாள், "பாய், அதுல ரவிக்கைக்குத் தேறுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஊதியதும் பாய்க்கும் ரோஷம் வந்துவிட்டது. அவரும் பார்த்திருக்கிறார். தண்டவாளத்தோரம் நின்றபடி அந்தப் பச்சைத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார்.

கார்டின் விசில், பச்சைக் கொடி. மூன்று வருடமாக இந்த இரண்டும் சேர்ந்தால் வண்டியை எடுப்பவர் பக்கிரிசாமி அண்ணன். எடுத்தார்.

சத்தமே இல்லாமல் போனது மாமா. ஆவிக்குள் பெட்டி பெட்டியாக நழுவியது. இருபத்திரண்டு பேரும் நானும் திரும்பி நின்று பார்த்தோம்; எல்லோருக்கும் அது அழகாக இருந்திருக்க வேண்டும். கடைசிப் பெட்டி வந்தபோது, உள்ளே ஆணியில் நான் மாட்டிய கோட்டு காற்றில் ஒரு கையைத் தூக்கி எனக்கு ஆட்டிவிட்டுப் போனது. அப்புறம்தான் கார்த்திகேசு அவர்களுக்கு உயிர் வந்தது. பூட்ஸோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். குமாஸ்தாக்கள் எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். கோலில் ஆளில்லை. சடையன் ஒற்றைக் காலில் நின்றபடி பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்துவிட்டு, "ரெஃப்ரி அண்ணே, அடிக்கட்டுமா?" என்றான். ஆளில்லாத கோலில் எப்படி அடிப்பது? ஆட்டம் அப்படியே நின்றது.

வண்டி எட்டு நிமிடம் முன்னதாகவே கிள்ளான் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. எனக்கு இது மேலும் அவமானம். நீங்கள் போட்ட தபால் கார்டும் நேற்றுக் கிடைத்தது: "மாப்பிள்ளையின் கோட்டு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை எப்போது?"

மாப்பிள்ளை வருவது கார்த்திகேசு அவர்கள் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை கூப்பிட்டார். மேஜையில் இடது பக்கம் என் லீவுத்தாள். வலது பக்கம் விளக்கத்தாள். அதில் ஒரே கேள்வி, விசில் எதற்காக ஊதப்பட்டது.

"வண்டிக்கு எண்டு எழுதும்" என்றார். "ஊதிப்போட்டு ஏற ஓடி வரேக்கை சறுக்கி விழுந்திட்டீர். மழைநாள், ஆருக்கும் நடக்கும். ஒரு எச்சரிக்கையோட முடியும். லீவில இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"நான் ஊதினது பெனால்டிக்கு சார்."

"அப்ப டியூட்டி நேரத்தில பந்தடியிலை நிண்டு, விசிலாலை வண்டியை அவிட்டு விட்டனீர். வேலை போகும். வேலை இல்லாதவனுக்கு லீவு என்னத்துக்கு?"

"வண்டி நிக்கும்னு சொன்னது நீங்கதானே சார்."

"ஓம், சொன்னனான். ஆருக்குச் சொன்னனான்? ரெஃப்ரிக்கு. கார்டோடை நான் கதைக்கவே இல்லையே."

மாமா, இந்த வாக்கியத்தை லீக் அலுவலகச் சுவரில் எழுதி மாட்டுங்கள். உங்கள் தொண்டு, உங்கள் கௌரவம் எல்லாம் இதற்குள் அடங்கிவிட்டன. 'வண்டிக்கு' என்று நான் எழுதினால் பெனால்டி என்ற ஒன்றே நடக்கவில்லை. ஆட்டம் சமம், புள்ளிக் கணக்கில் முந்தி நிற்கும் யார்டுக்கே லீக் கேடயம். 'பெனால்டிக்கு' என்று எழுதினால், உங்கள் விதிப்படியே, அடிக்காமல் நின்ற அந்த ஒரு அடிக்காக இரண்டு தரப்பும் இன்னொரு நாள் கூடியாக வேண்டும். சடையன் அடிப்பான், எனக்குச் சோறு போகும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை வண்டி ஏறக் கூடாது என்று உத்தரவு.

வேலையில்லாமல் பகலில் படுத்தால் கனவு வருகிறது. நேற்று மத்தியானம் வந்ததில் திடலோரம் ஓர் ஓலை வீடு. அது நடுவர் வீடாம். விடிந்து எழுந்தால் எனக்கு ஒரே வேலை, புல்லைப் பார்ப்பது, சுண்ணாம்பில் கோடு போடுவது, சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது. லீக் எனக்குச் சோறு போடுகிறது. எந்த ஆட்டக்காரனும் எனக்கு அதிகாரியில்லை. கார்த்திகேசு அவர்கள் வெறுங்காலோடு வந்து, "ரெஃப்ரி ஐயா, விளையாடலாமோ?" என்று கேட்கிறார். சுகமாக இருந்தது. அதற்குள் கனவு கிள்ளானுக்கு மாறிவிட்டது. பந்தலில் தங்கமணி பக்கத்தில் என் கோட்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதன் தோளைத் தட்டி, "மாப்பிள்ளை நேரத்துக்கு வந்துட்டாரு, லீவும் கேக்கல" என்று எல்லோரிடமும் சொல்கிறீர்கள். வாசலில் நின்று நான் விசில் ஊதுகிறேன். யாரும் திரும்பவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி, 'பெனால்டிக்கு' என்றே எழுதப் போகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது, லீக் கூட்டத்தைக் கூட்டி நடுவர்களை முழுநேர வேலையாட்களாக வைக்கத் தீர்மானம் போடுவது. விசிலும் கொடியும் லீக் தர வேண்டும். கொடி பச்சையாக இருக்கக் கூடாது. முதல் ஆளாக என்னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைக் கார்த்திகை இருபதில் நடத்துவதும் தள்ளிப்போடுவதும் உங்கள் விருப்பம். தங்கமணியிடம் கேளுங்கள், விரல் நசுங்கியதைப் பார்த்தும் ஊதாமல் நின்றவன் புருஷனாக வேண்டுமா என்று கேளுங்கள். அவள் பதிலுக்கு நான் கட்டுப்படுகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். ஆட்டுக்கு ஒரு கை தழை. கோட்டில் கிழிசல் இருந்தால் தைத்து வைக்கவும். உங்கள் கடையும் உங்கள் லீக்கும் நெடுநாள் நிலைக்க, சிறியவன் வாழ்த்தக் கூடாது என்பதால், வணங்கி முடிக்கிறேன்.

தங்கள் மருமகன்,
நாகையா.

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. மேலே எழுதியதைத் தயவுசெய்து யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். தங்கமணியிடம் எதுவும் கேட்க வேண்டாம். இன்று காலை விளக்கத்தாளில் 'வண்டிக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. வாழைமரத்துக்குச் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். நாளை முதல் வண்டியேறுகிறேன். கார்த்திகேசு அவர்கள் கல்யாணத்துக்கு வருகிறாராம், முன்வரிசையில் நாற்காலி போடவும். திரும்பும்போது திடல் வழியாக வந்தேன். வந்திருக்கக் கூடாது. சடையன் விரலில் துணி சுற்றிக்கொண்டு, பந்தைப் புள்ளியில் வைத்துப் பக்கத்தில் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியை அவிழ்த்து வீசினான்.

"சூளையில அரை நாள் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்ணே. நீங்க ஊதினது ஊதினதுதானே. சொல்லுங்க, எப்ப அடிக்கட்டும்?"