ஐந்து ஆம்பியர் பாட்டு

அந்த வியாழக்கிழமை நாலு பேர் முன்னால் மனைவியைத் தோற்கடித்தே தீருவது என்று வஜ்தி சபதம் எடுத்துக்கொண்டான். நாலு பேர் கிடைக்கவில்லை. பெய்ரூத்தில் மிச்சமிருந்த பள்ளித் தோழர்கள் இரண்டே பேர்தான். மற்றவர்கள் மான்ட்ரியாலிலும் துபாயிலும் உட்கார்ந்து போனில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, பெண்டாட்டி தோற்பதைப் பார்க்க இரண்டு பேர் போதும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

சண்டை ஒரு அறைக்காக. சமையலறைக்குப் பின்னால், வீடு கட்டியவன் வேலைக்காரிக்கென்று விட்டுவைத்த குட்டி அறை. வேலைக்காரி வரவில்லை, கேசட்டுகள் வந்துவிட்டன. தரையிலிருந்து கூரை வரை கேசட், அதற்குப் பக்கத்தில் இசைத்தட்டு, அதற்கு மேல் இன்னும் கேசட். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் மற்றவர்களின் பார்வையைச் சரிசெய்துவிட்டு வரும் வஜ்தி, மாலையில் அந்த அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வான்.

"அந்த அறையில பாதி எனக்கு வேணும்," என்றாள் ஹனாதி, பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே.

"எதுக்கு?"

"என் கீபோர்டு அம்மா வீட்டுல கட்டிலுக்கடியில கிடக்கு. கொண்டுவந்து வைக்கணும்."

"கீபோர்டா? உனக்கா? பிறந்தநாள் பாட்டு வாசிக்கவா?"

"சிரிக்காதே வஜ்தி. பாதி அறைதான் கேக்கறேன்."

"அங்க என்னென்ன கேசட் இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமலா? தூசி தட்டறது யாரு?"

"ஹபீப்தி, என் கண்ணே, அது இசைக் காப்பகம். காது இருக்கறவங்களுக்கான இடம்."

"எனக்கு இருக்கறது என்ன, கம்மல் மாட்டற கொக்கியா?"

இதற்கெல்லாம் பதில் சொல்ல அவசியமில்லை என்பது வஜ்தியின் எண்ணம். பள்ளியில் அவனுக்குப் பெயரே 'காது'தான். மான்ட்ரியால் மாமா அனுப்பும் கேசட்டுகளைப் பிரதியெடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் ரகசியமாகக் கைமாற்றிவிடுவான். யாருக்கும் தெரியாத பேண்டு, யாரும் கேட்காத பாட்டு. அது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மறுநாளே, "அவங்க கெட்டுப்போயிட்டாங்க" என்று உதட்டைப் பிதுக்கிவிடுவான். அந்தப் பிதுக்கலுக்கே ஒரு மரியாதை இருந்தது. இன்று மருந்துக்கடைப் பையன்கூடப் போனில் உலகத்தையே கேட்டுவைத்திருக்கிறான். காதுக்கு மிஞ்சியது வியாழக்கிழமைச் சபை மட்டும்.

சபைக்கு விதிகள் உண்டு. ஒவ்வொருவரும் மற்றவர்கள் கேட்டிராத ஒரு பாட்டு கொண்டுவர வேண்டும். யாராவது "பழசு!" என்று சொல்லிவிட்டால் கொண்டுவந்தவன் தோற்றான். சும்மா சொல்லிவிடவும் முடியாது. எங்கே கேட்டேன், எப்போது கேட்டேன் என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூட நினைவாக இருந்தால் மதிப்பு கூடும். தோற்றவன் காப்பி போடவேண்டும். நடுவில் கரண்ட் போனால் அவன்தான் ஆறு மாடி இறங்கிப்போய், ஜெனரேட்டர்காரர் அபு ஈலியின் பெட்டியில் சுவிட்சைத் தூக்கிவிட்டு வரவேண்டும். அரசாங்கக் கரண்ட் பெரும்பாலும் இருக்காது; அபு ஈலிக்கு மாதக் காசு கட்டி வாங்கும் கரண்டில் இவர்கள் வீட்டுச் சந்தா ஐந்து ஆம்பியர். பாட்டுப்பெட்டி ஓடும்போது வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் மொத்தமும் விழுந்துவிடும்.

விதி இப்படி. நடைமுறையில் காப்பியும் ஹனாதி, மாடிப்படியும் ஹனாதி. பாட்டின் நடுவில் எழுந்துபோக ரசிகர்களுக்கு மனம் வருமா?

"சரி, நானும் சபைக்கு ஒரு பாட்டு கொண்டுவரேன்," என்றாள் அவள். "மூணு பேருல ஒருத்தராவது பழசுன்னு சொல்லிட்டா, அறைப் பேச்சையே எடுக்கமாட்டேன். சொல்லமுடியலேன்னா பாதி அறை என்னுது."

"பாதி என்ன பாதி! முழு அறையையும் எடுத்துக்கோ!" என்றான் வஜ்தி. தோற்கப்போகாதவனுக்குத் தாராளம் தானாக வரும்.

ஆனாலும் எதற்கும் ஒரு முன்னேற்பாடு இருக்கட்டும் என்று நினைத்தான். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஷர்பெலுக்குப் போன் செய்தான். ஷர்பெல் மருந்துக்கடை வைத்திருந்தான். சபைக்கு வரும் தோழர்கள் இவனும் பாசெமும்தான்; அதிகம் பேசுகிறவன் இவன்.

"மச்சான், வியாழக்கிழமை ஹனாதி ஒரு பாட்டு போடுவா. என்ன பாட்டா இருந்தாலும் பழசுன்னு சொல்லிடு."

"நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தா, ரொம்பப் பழசுன்னு சொல்லு. பாசெம்கிட்டயும் சொல்லிவை."

"அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் என்ன சொன்னாலும் 'நானும்தான்'னு சொல்றவன்தானே அவன்."

வியாழக்கிழமை வந்தது. தட்டில் பூசணி விதை, கிண்ணத்தில் ஆலிவ். வஜ்தி வழக்கம்போல முதலில் ஒரு பள்ளி நினைவை எடுத்துவிட்டான். அவனிடம் நினைவுகள் நிறைய இருந்தாலும், எப்போதும் வெளியே வருவது அந்த மொட்டைமாடிக் கதைதான்.

"தொண்ணூத்தாறு. பள்ளி ஆண்டுவிழா. மொட்டைமாடியில கச்சேரி. பன்னிரண்டாம் வகுப்பு ராமி கிட்டார் வாசிச்சான் பாரு..."

"விரல்ல ரத்தம்!" என்றான் ஷர்பெல்.

"ரத்தம்!" என்றான் பாசெம்.

"அப்புறம் கரண்ட் போச்சு. நடுவுல ஏதோ ஒரு சின்னப்பொண்ணு வந்து நின்னு முனக ஆரம்பிச்சுது. 'வாங்கடா'ன்னு உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுக் கீழ இறங்கிட்டேன். வாசல்ல தள்ளுவண்டியில சூடா எள் ரொட்டி. அந்த மாதிரி ரொட்டி அப்புறம் சாப்பிடவே இல்லைடா!"

மூவரும் பெருமூச்சு விட்டார்கள். ஆலிவ் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஹனாதி ஒரு கணம் கையை நிறுத்தினாள். பிறகு நிரப்பினாள்.

"முடிஞ்சுதா? என் பாட்டைப் போடட்டுமா?"

போட்டாள்.

முதலில் அடியில் ஒரு உறுமல். கோபமும் இல்லை, சோம்பலும் இல்லை. அதன்மேல் நொண்டி நொண்டி ஒரு தாளம், போகப்போக வேகம் பிடித்தது. பிறகு ஒரு பெண்குரல், சொல்லே இல்லாமல், தூரத்தில் யாரோ எவரையும் எதிர்பார்க்காமல் பாடுவதுபோல. வஜ்தி விதை கடிப்பதை நிறுத்தினான். அந்த ஒரு நிமிடம் அவன் நிஜமாகவே கேட்டான். ஏனோ எள் வாசனை நினைவுக்கு வந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

உடனே பொறாமை பற்றிக்கொண்டது. இதை எப்படி நான் கண்டுபிடிக்காமல் விட்டேன்? பீன்ஸ் உரிக்கிறவள் கையில் இது எப்படிக் கிடைத்தது?

பாட்டு முடிந்தது.

"பழசு!" என்று கத்தினான்.

"பழசு," என்றான் ஷர்பெல்.

"நானும்தான்," என்றான் பாசெம்.

ஹனாதி முகத்தைத் தொங்கப்போட்டாள். "அய்யோ. 'ஐந்து ஆம்பியர்' பேண்டை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ஐந்து ஆம்பியரைத் தெரியாதவன் இருக்கானா, மதாம் ஹனாதி?" ஷர்பெல் காலை நீட்டி உட்கார்ந்தான். "முதல் கேசட்தான் உசத்தி. ரெண்டாவதுல காசுக்காகக் கெட்டுப்போனாங்க."

"ரொம்பக் கெட்டுப்போனாங்க," என்றான் பாசெம்.

"நான் அவங்களை நேர்லயே பார்த்திருக்கேன்," என்றான் வஜ்தி. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மற்றவன் கேசட் வரை போய்விட்ட பிறகு காது சும்மா இருக்குமா? "அதே மொட்டைமாடி. அதே ஆண்டுவிழா. டிரம்ஸ் அடிச்சவனுக்கு ஒரு கையில மாவுக்கட்டு. அதான் அந்த நொண்டித் தாளம்!"

"அப்படியா? பாடின பொண்ணு?"

"செருப்பில்லாம நின்னு பாடினா. நான் முதல் வரிசை. என்னையே பார்த்துப் பாடினா, ஹனாதி. கடைசி வரைக்கும் அசையாம நின்னு கேட்டேன்."

"கடைசி வரைக்கும்?"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

ஹனாதி எழுந்து போய் சமையலறைக் கதவை அகலத் திறந்தாள். மூலையில் துணி துவைக்கும் மெஷின் நின்றது, ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டையோடு.

"மாவுக்கட்டு போட்ட டிரம்ஸ்காரர் இவர்தான்," என்றாள். "அந்த உறுமல், கீழ அபு ஈலியோட ஜெனரேட்டர். குரல் என்னுது. செவ்வாய்க்கிழமை போர்வை துவைக்கும்போது பதிஞ்சேன். ஷர்பெல், அந்த ரெண்டாவது கேசட் கிடைச்சா எனக்கும் ஒண்ணு கொடுங்க. நானே கேட்டதில்ல."

வஜ்தி முகத்தில் ஈயாடவில்லை. ஷர்பெல் ஆலிவ் கொட்டையை விழுங்கிவிட்டான். இருமி முடித்ததும் முதல் வேலையாக நண்பனைக் காட்டிக்கொடுத்தான்.

"மதாம், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. இவன்தான் போன் பண்ணி அப்படிச் சொல்லச் சொன்னான்."

"நானும்தான்," என்றான் பாசெம், என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல்.

வேறொருவனாக இருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பான். வஜ்தி எழுந்து நின்றான். "ஒரு நிமிஷம்! இந்த மெஷின் இந்த வீட்டுல தினமும் ஓடுது. தினமும் கேக்கறேன். அப்ப இது பழசுதானே? நான் சொன்னது சரிதானே? நீ தோத்துட்டே!"

ஷர்பெலுக்கே அது நியாயமாகப் பட்டது. ஹனாதியும் தலையாட்டினாள்.

"மெஷின் பழசு. ஒத்துக்கறேன். ஜெனரேட்டரும் பழசு. மெட்டு?"

"மெட்டு..."

"அந்த மெட்டை எங்க கேட்டே? எங்க, எப்போன்னு சொல்லணும். அதானே விதி?"

"நீதான் சமையலறையில எப்பவும் ஏதாவது பாடிட்டிருப்பியே..."

"என்ன பாடுவேன்?"

வஜ்தி வாயைத் திறந்தான். எந்த பேண்டில் எந்த ஆண்டு யார் டிரம்ஸ் அடித்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இதற்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் சொல்றேன்," என்றாள் ஹனாதி. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "தொண்ணூத்தாறு. மொட்டைமாடி. எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, சொந்தமா மெட்டுப் போட்டுக் கொண்டுவந்தா. கரண்ட் போய் கீபோர்டு செத்துப்போச்சு. அழுகை வந்துது. அழாம, வெறும் குரல்ல பாடினா. முதல் வரி முடியறதுக்குள்ள முன்வரிசையில இருந்து மூணு பெரிய பையன்க எழுந்து ரொட்டி திங்கப் போயிட்டாங்க."

வஜ்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

"அது... நீயா?" என்றான் வஜ்தி. "இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நீ வாரா வாரம் அந்தக் கதையைச் சொல்றே. வாரா வாரம் நான் அந்தக் கதவுகிட்ட நிக்கறேன். இன்னிக்காவது, 'அந்தப் பொண்ணு யாருடா?'ன்னு யாராவது கேப்பீங்களான்னு. ரொட்டியோட சூடுகூட உனக்கு ஞாபகம் இருக்கு, வஜ்தி." ஆலிவ் கிண்ணத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "இன்னிக்கு நீ, 'இது அந்தப் பொண்ணு பாடினது'ன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன். சந்தோஷமா தோத்திருப்பேன்."

அந்த வாரமே கீபோர்டு வந்தது. முழு அறை என்று சொன்னது சொன்னதுதான். கேசட்டுகள் அட்டைப்பெட்டிகளில் ஏறி, கட்டிலுக்கடியில் போயின. கீபோர்டு அம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில் எத்தனை காலம் கிடந்ததோ அத்தனை காலம் இவையும் கிடக்கட்டும் என்று ஹனாதி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வஜ்திக்கு ஆறவில்லை. கோபப்பட்டால் சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை ஷர்பெலும் பாசெமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார்கள். பாசெம் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். "மதாம், அதையே கீபோர்டோட முழுசாக் கேக்கணும்," என்றான் ஷர்பெல். "அன்னிக்குப் பாதியில போனதுக்குப் பரிகாரம்."

"நானும்தான்," என்றான் பாசெம். முதல் தடவையாக அவனே யோசித்துச் சொன்னதுபோல் இருந்தது.

வஜ்தி சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். தோற்றவன் அவன்தானே. குட்டி அறையிலிருந்து கீபோர்டின் முதல் சுரங்கள் வந்தன. என் வீடு, என் நண்பர்கள், என் வியாழக்கிழமை என்று அவனுக்குள் கசந்தது. நல்ல பாட்டு என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் கூடுதலாகக் கசந்தது. சுவரில் ஹீட்டர் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டினான்.

டப்பென்று வீடு இருண்டது. கீபோர்டு நின்றது. வஜ்தி இருட்டில் புன்னகை செய்தான்.

"இன்னிக்கு யாரு தோத்தவன்?" என்று ஷர்பெல் குரல் கேட்டது.

புன்னகை போய்விட்டது.

"மெதுவாப் போயிட்டு வா, வஜ்தி," என்றாள் ஹனாதி. "படியில பார்த்து இறங்கு. எனக்குக் கரண்ட் இல்லாமப் பாடிப் பழக்கம்தான்."

ஆறு மாடி இறங்கினான். பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கினான். டப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது. அபு ஈலியைத் திட்டினான், அரசாங்கத்தைத் திட்டினான், மூன்றாவது தடவை தூக்கும்போதுதான் மேலே ஹீட்டர் இன்னும் போட்டபடியே இருப்பது உறைத்தது. அதைப் போட்டது யார் என்பதும் உறைத்தது.

மூச்சிரைக்க ஏறினான். நாலாவது மாடியில், இருட்டில், மேலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. ஓடினான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாசெம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாடினா? டேய், சொல்லுங்கடா, எப்படிப் பாடினா?"

ஷர்பெல் நிதானமாக ஒரு பூசணி விதையைக் கடித்தான்.

"பழசு மச்சான். நீதான் முதல் வரிசையில நின்னு கடைசி வரைக்கும் கேட்டிருக்கியே."