மீன் படகில், மாப்பிள்ளை சேற்றில்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனார் படகுல ஒரு மரப்பெட்டி செஞ்சு வைக்கணும்.

இதுல என்ன தப்பு நடந்துடப் போகுதுன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அப்போ எண்பத்தி ரெண்டோ மூணோ. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். சொந்த ஊர் மீஞ்சூர். எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில ஃபிட்டர் வேலை. காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். அளக்கறதுக்கு இல்ல. இவன் அளக்கத் தெரிஞ்சவன்னு நாலு பேருக்குத் தெரியணுமே, அதுக்கு.

பொண்ணு எடுத்தது தோணிரேவுல. பழவேற்காடு ஏரியில வலை போடுற குடும்பம். மாமா, அத்தை, மச்சான் சேகர், ஒரே ஒரு படகு. அந்த வீட்ல எனக்கு ராஜ மரியாதை. படகுல போறதா இருந்தா கரையிலேர்ந்து சேகர் என்னை அலேக்கா தூக்கி உள்ள வச்சிடுவான். மாப்பிள்ளை கால்ல சேறு படக்கூடாதாம்.

மரியாதை சரி, மதிப்பு இல்ல. படகு ரெண்டு ஆட்டம் ஆடினா எனக்குத் தலை சுத்தும். கழி பிடிக்கத் தெரியாது. வலையில சிக்குன மீனை எடுக்கத் தெரியாது. "மீஞ்சூர் மாப்ள வந்துகிறாரு, ஓரமா குந்த வைங்க"ன்னு ஊரே சிரிக்கும். இந்த வீட்டுக்கு உருப்படியா ஒரு காரியம் செஞ்சு காட்டிடணும்னு எனக்குள்ள ஒரு வெறி.

அந்த நேரம் பார்த்து காதர் பாய் ஆள் அனுப்பினார். பாய் பழவேற்காட்டுல பெரிய மீன் வியாபாரி. மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்ல கண்ணாடித் தொட்டியில மீனை நீந்த விட்டிருக்காங்களாம். வந்தவங்க எந்த மீனைக் கை காட்டுறாங்களோ அதைப் பிடிச்சு வறுத்துக் குடுப்பாங்களாம். அதனால கொடுவா மீன் உயிரோட வேணும், கொண்டு வந்தா நல்ல விலை தர்றேன்னு செய்தி.

"வறுக்க சொல்லோ சாவத்தானே போவுது, அதுக்கு இன்னாத்துக்கு உயிரு?"ன்னு மாமாவுக்கு ஒரே குழப்பம்.

நான் தொண்டையைக் கனைச்சேன். விஷயம் என் ஏரியாவுக்கு வந்துடுச்சு.

எப்பவோ மீஞ்சூர் ஸ்டேஷன்ல வாங்குன வேர்க்கடலைப் பொட்டலம் ஒரு இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். அதுல ஒரு வெள்ளைக்காரன், ஒரு சின்னப் படகு, படகு நடுவுல ஒரு தொட்டி, தொட்டிக்குள்ள மீன். படகோட அடியில ஓட்டை. ஓட்டை வழியா ஏரித் தண்ணியே உள்ள வந்து போகும், மீன் சாகாது. இவ்வளவுதான் தெரிஞ்சுது. மிச்சப் பாதி கிழிஞ்சு வேற யாரோட கடலைக்கோ போயிடுச்சு. படம் இருக்கு, போதாதா?

"படகு அடியில ஆறு ஓட்டை போடணும் மாமா"ன்னேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். பொண்ணைத் திருப்பி அனுப்புறேன்னு சொல்லியிருந்தாக்கூட அவ்வளவு மாறியிருக்காது. சேகர், "நைனா, இவுரு சீரியஸாத்தான் சொல்றாரா?"ன்னு என் எதிர்லயே கேட்டான்.

உடனே செய்முறை விளக்கம். வாசல்ல ஒரு வாளித் தண்ணி. என் பொண்டாட்டி மல்லிகாவோட பருப்பு டப்பாவை வாங்கி, அதாவது அவ தடுக்கறதுக்குள்ள எடுத்து, அடியில ஆணியால மூணு ஓட்டை போட்டேன். டப்பாவை வாளியில பாதி அமுக்கிப் பிடிச்சேன். தண்ணி உள்ள வந்துச்சு. வெளியில இருந்த மட்டத்துக்கு வந்ததும் நின்னுடுச்சு.

"பார்த்தீங்களா? ஏரித் தண்ணி எந்த மட்டமோ, பெட்டித் தண்ணியும் அந்த மட்டம். அதுக்கு மேல ஒரு சொட்டு ஏறாது."

கூடியிருந்த நாலஞ்சு பேர் தலையாட்டினாங்க. எனக்கு இறக்கை முளைச்ச மாதிரி இருந்துச்சு.

அத்தை மட்டும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "அது சரி மாப்ள. டப்பா மேல நாலு பேரு குந்துனா?"

நான் சிரிச்சேன். டப்பா மேல யாராவது உட்காருவாங்களா? பாவம், படிக்காதவங்கன்னு நெனச்சுக்கிட்டு, "அத்தை, இது சயின்ஸு"ன்னு சொல்லிட்டேன். இன்னைக்கும் அந்த வார்த்தையை நெனச்சா காது சூடாகும்.

மாமா ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு கண்டிஷன். வெள்ளிக்கிழமை எங்க பாடு. பாடுன்னா முறை. ஏரியில நல்லா மீன் படுற இடத்துல இன்ன நாளைக்கு இன்னார்தான் வலை கட்டலாம்னு ஊர்ல முறை வச்சிருக்காங்க. ஒரு பாடு போச்சுன்னா திரும்ப நம்ம முறை வர்ற வரைக்கும் அடுத்தவன் கூடையைப் பார்த்து ஏங்க வேண்டியதுதான்.

"பாட்டுக்கு முன்னாடி வேலை முடியணும். பாடு மட்டும் கெட்டுச்சுன்னு வைங்க..."ன்னு மாமா நிறுத்திட்டார். மிச்சத்தை நானே நெரப்பிக்கிட்டேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். படகு காலியா கரையோரம் தண்ணியில மிதந்துட்டிருந்துச்சு. சேகர் என்னைத் தூக்கி உள்ள வச்சான். வெளியில தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு பார்த்து, அந்த மட்டத்தை உள்பக்கம் பென்சிலால கோடு போட்டேன். அதுக்கு மேல நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு. பெட்டி உயரம் அவ்வளவு போதும். இன்னும் ஒசத்தினா பலகை தண்டம். சிக்கனமும் சேர்த்துக் காட்டினேன்.

அப்புறம் படகைக் கரையேத்தினாங்க. ஓட்டை போடறதுக்கு முன்னாடி மாமா கற்பூரம் ஏத்தி, படகைத் தொட்டுக் கும்பிட்டு, "தப்பா எடுத்துக்காதே தாயி, மாப்ளதான் கேக்குறாரு"ன்னு பழியை முழுசா என் தலையில வச்சார். ஆறு ஓட்டை. மேல பெட்டி. இடுக்குல பஞ்சுத்திரி அடிச்சு சூடா தார் பூசினோம். ஓட்டைகளை அடைக்க ஆறு மரக்கட்டை, துணி சுத்தி. மீன் கிடைக்கிற வரைக்கும் அடைச்சு வைக்கலாம், கிடைச்சதும் பிடுங்கிடலாம். இது என் சொந்த ஐடியா. கடலைத் தாள்ல கூட இல்ல.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கிளம்பினோம். மாமா, சேகர், நான், வலை மூட்டை. சத்தியமா சொல்றேன், அன்னைக்கு எனக்குத் தலை கூட சுத்தல. அவ்வளவு குஷி.

மீன் பட்டுச்சுன்னா அப்படிப் பட்டுச்சு. நாலு கூடை இறால். பதினேழு கொடுவா, ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். மாமா என்னைப் பார்த்து, "ஆகட்டும் மாப்ள"ன்னார்.

என் வாழ்க்கையில அது ஒரு கட்டம். எழுந்து நின்னேன். கட்டைகளை ஒவ்வொண்ணா பிடுங்கினேன். தண்ணி குபுகுபுன்னு உள்ள வந்துச்சு. சேகர் கொடுவாவை ஒவ்வொண்ணா விட்டான். ஒண்ணு சுத்தி வந்துச்சு, ரெண்டு சுத்தி வந்துச்சு, பதினேழும் வாலை ஆட்டி நீந்துச்சு! மாமா சிரிச்சார். எட்டு மாசத்துல முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்புல எனக்குப் புத்தி கலங்கிடுச்சு. கையில இருந்த ஆறு கட்டையையும், "இனிமே இது எதுக்கு?"ன்னு ஸ்டைலா ஏரியில விட்டெறிஞ்சேன்.

தண்ணி என்னோட முதல் கோட்டுக்கு வந்துச்சு. நிக்கல. ரெண்டாவது கோட்டுக்கு வந்துச்சு. அங்கேயும் நிக்கல. பெட்டி விளிம்பைத் தாண்டி சாவகாசமா படகுக்குள்ள வழிய ஆரம்பிச்சுது.

நான் கோடு போட்டது காலிப் படகுல. இப்போ படகுல மூணு ஆள், ஈர வலை, நாலு கூடை இறால். படகு ஒரு சாண் கீழ இறங்கியிருக்கு. பெட்டி விளிம்பு ஏரி மட்டத்துக்கும் கீழ போயிடுச்சு. உள்ள தண்ணி வர வர கனம் கூடுது, கனம் கூடக் கூட இன்னும் தண்ணி வருது.

டப்பா மேல நாலு பேரு குந்துனா? அத்தை அப்பவே கேட்டாங்க.

சேகர் தண்ணி மொண்டு ஊத்தினான். ஊத்துறதை விட வர்றது ஜாஸ்தி. "கட்டையப் போடுங்க மாப்ள, கட்டையப் போடுங்க"ன்னார் மாமா. நான் ஏரியைக் காட்டினேன். ஆறு கட்டையும் வரிசையா ஆந்திரா பக்கம் போயிட்டிருந்துச்சு.

பெட்டிக்குள்ள கையை விட்டு விரலால ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். கொடுவாவோட செவுள் ஓரம் கத்தி மாதிரி இருக்கும்னு யாரும் எனக்குச் சொல்லல. கையை எடுத்துட்டேன். மூணு மீன் விளிம்பைத் தாண்டி படகுக்குள்ள சுதந்திரமா நீந்துச்சு. ஒண்ணு என் கால் இடுக்குல போச்சு.

"எறங்கு"ன்னார் மாமா.

"மாமா, இது ஏரி நடு..."

"எறங்குடா. இடுப்பளவு தண்ணிதான்."

கல்யாணத்துக்கு அப்புறம் மாமா என்கிட்ட 'ங்க' போடாம பேசினது அதுதான் முதல் தடவை. 'டா'வும் கூடவே வந்துடுச்சு. ஒரே நாள்ல ரெண்டு பதவி உயர்வு.

குதிச்சேன். முழங்கால் வரைக்கும் சேறு வாங்கிச்சு. எட்டு மாசம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த கால்! செருப்பு அங்கேயே தங்கிடுச்சு. ஆனா படகு கொஞ்சம் மேல வந்துச்சு. சேகர் குதிச்சான். இன்னும் கொஞ்சம் வந்துச்சு. மாமா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு அவரும் குதிச்சார். விளிம்பு தண்ணிக்கு மேல வந்துச்சு. வழியிறது நின்னுச்சு. வெளியில நின்னே தண்ணியை மொண்டு ஊத்தி, ஓடின மூணு மீனையும் பிடிச்சு உள்ள விட்டோம்.

மீன் ஜம்முன்னு நீந்துது. என் சயின்ஸ்ல குத்தமே இல்ல. என்ன, படகுல ஆள் ஏறக்கூடாது.

அப்புறம் என்ன? தள்ளினோம். பழவேற்காடு துறை வரைக்கும் சேத்துல மூணு பேரும் படகைத் தள்ளிக்கிட்டே நடந்தோம். மாமா ஒரு பக்கம், சேகர் ஒரு பக்கம், பின்னாடி நான். வழியில தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற பொம்பளைங்க, பிடிச்சதைப் போட வாயில கவ்வியிருந்த ஓலைப்பறியைக் கீழ விட்டுட்டு சிரிச்சாங்க. எதிர்ல வந்த படகுக்காரர் ஒருத்தர் கழியை ஊனி நிறுத்தி, ரொம்ப அக்கறையா விசாரிச்சார்.

"இன்னா நைனா, மீனுக்கு ஊரு சுத்திக் காட்றீங்களா?"

மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இன்னும் வேகமா தள்ளினார். எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கினேன். நிமிர்ந்து பார்த்தா சேகருக்குத் தோள் குலுங்குது. கொஞ்ச நேரத்துல மாமாவோட முதுகும் குலுங்க ஆரம்பிச்சுது. அப்புறம் மூணு பேரும் படகைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். அந்த வீட்ல நான் சேர்ந்தது தாலி கட்டின அன்னைக்கு இல்ல, அந்தச் சேத்துலதான்.

துறையில காதர் பாய் வெள்ளை லுங்கியோட நின்னுட்டிருந்தார். பாய் நல்ல கனமான ஆள். தூரத்திலேர்ந்தே மீன் துள்றதைப் பார்த்துட்டார். ஆசை தாங்கல. "உசுரோடவா? அத்தனையுமா?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடி வந்தார்.

"பாய், ஏறாதீங்க"ன்னு நாங்க மூணு பேரும் ஒரே குரல்ல கத்தினோம்.

ஏறிட்டார்.

படகு ஒரு முக்கல் முக்கிச்சு. பெட்டி பொங்கிச்சு. கொடுவா பாதி, பாயோட காலைச் சுத்தி நீந்துச்சு. வெள்ளை லுங்கி முழங்கால் வரைக்கும் ஏரித் தண்ணி. மாமா கண்ணை மூடிக்கிட்டார். போச்சு, பாடு போச்சு, வியாபாரம் போச்சு, மாப்பிள்ளையும் போச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

பாய் குனிஞ்சு பார்த்தார். நிமிர்ந்தார்.

"இத்தினி வருசமா மீனை நான் தேடிப் போறேன். இன்னிக்கு மீன் என்னைத் தேடி வருதுப்பா"ன்னார். பதினேழையும் எடுத்துக்கிட்டார். அடுத்த பாட்டுக்கும் இதே மாதிரி வேணும்னு சொல்லிட்டுப் போனார். லுங்கியை அவரே பிழிஞ்சுக்கிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு. மல்லிகா பருப்பு டப்பாவுக்கு முதல்ல பதில் சொல்லுன்னு நின்னா. அத்தை என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்கல. சுடுதண்ணி வச்சுக் குடுத்தாங்க. கேட்டிருந்தா கூடத் தேவலை.

அடுத்த வாரம் பெட்டியைத் திரும்பக் கட்டினேன். இந்தத் தடவை படகுல வலையைப் போட்டு, கூடையில மணலை நெரப்பி, மாமா, சேகர், காதர் பாய் கனத்துக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரையும் உட்கார வச்சுத்தான் அளவு எடுத்தோம். அப்புறம் அந்தப் பெட்டி வருஷக்கணக்கா ஒரு சொட்டு வழியல.

கோடு போடறப்போ நானும் படகுலதான் உட்கார்ந்திருந்தேன், கனத்துக்கு. பென்சில் அத்தை காதுல இருந்துச்சு.