நாயின் எச்சிலில் நாற்பத்தேழு

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று ஒரு பெரியவர் சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னே? வந்திருப்பவர் குரோமோசோம் குரு!

"நாற்பத்தாறு இருந்தா சாதாரண மனுஷன். நாற்பத்தெட்டு ஆக்கிட்டா மேதை!" என்று ஒலிபெருக்கி அலறியது.

மகன் தேர்வில் கோட்டை விட்டானா? வியாபாரம் படுத்துவிட்டதா? எல்லாம் எண்ணிக்கைக் கோளாறு. பஞ்சுக் குச்சியால் வாயைத் தடவிக் கொடுத்தால் போதும். குரு அதைப் பெட்டிக்குள் வைப்பார். பச்சை விளக்கு எரியும். திரையில் நூல் நூலாக ஏதோ நெளியும். உடனே அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். கண்ணை மூடிக்கொண்டு எப்படி எண்ணுகிறார் என்று ஒரு ஆத்மா கேட்க வேண்டுமே! கேட்டால் எண்ணிக்கை குறைந்துவிடுமாம்.

குறைந்தவர்களுக்கு ஏற்றுவார், கூடியவர்களுக்கு இறக்குவார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. அந்த வேலையையும் அவரே பார்த்தார்.

ஒரு தையல்காரி இறக்குவதற்காக வந்திருந்தாள். அவளுடைய ஆறு வயது மகளுக்குப் பிறவியிலேயே நாற்பத்தேழு. பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. இதயம் பலவீனம், தினமும் மாத்திரை. "அந்த ஒண்ணு உடம்பு முழுக்க இருக்கும்மா, எடுக்க முடியாது. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். குருவின் பேச்சு அதைவிட இனித்தது.

"நான் எடுத்துடறேன் தாயே. ஆனா மாத்திரையை நிறுத்தணும். அதுதான் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவள் மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா? புள்ள உயிரோட விளையாடறீங்க!"

"ஊரே நம்புதும்மா. என் குழந்தை வாய் நிறைய அம்மான்னு கூப்பிடக் கூடாதா?"

சொல்லிவிட்டு அழுதவளின் கண்ணை நாத்தனார் துடைத்துவிட்டாள். "சரி, ஒரே ஒரு சோதனை. நம்ம நாய் வாயைத் துடைச்சு, பாப்பாவோடதுன்னு கொடுங்க. நாய்னு அவர் கண்டுபிடிச்சுட்டா, டப்பாவை நானே குப்பையில போடறேன்" என்றாள்.

நாய் லேசில் ஒத்துழைக்கவில்லை. குச்சியைக் கண்டதும் உறுமியது, முகத்தைத் திருப்பியது. இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் துடைக்க முடிந்தது.

மறுநாள் மண்டபத்தில் குரு அந்தக் குச்சியைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணை மூடினார். சாமி, இது மனுஷ எச்சிலே இல்லைன்னு சொல்லுங்க, எழுந்து நின்னு என்னைத் திட்டுங்க என்று தையல்காரி மனசுக்குள் கெஞ்சினாள்.

"நாற்பத்தேழு!" என்றார் குரு. "ஆனா அந்தக் கூடுதல் ஒண்ணு ஆட்டம் கண்டுடுச்சு. அடுத்த மாசம் உன் பொண்ணு மடமடன்னு பேசுவா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தையல்காரி மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்றாள்.

"அது என் பொண்ணோடது இல்ல. எங்க வீட்டு நாயோட எச்சில்."

குரு விழித்தார். "நாய்க்கும்... கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

"நாய்க்கு எழுபத்தெட்டு!" என்று நாத்தனார் பின்வரிசையிலிருந்து கத்தினாள். "போன்ல தேடினாலே வருது. உருளைக்கிழங்குக்கு என்ன தெரியுமா? நீங்க விக்கிற அதே நாற்பத்தெட்டு! எண்ணிக்கைதான் அறிவுன்னா, நாய் நாட்டை ஆளணும், உருளைக்கிழங்கு மந்திரியா இருக்கணும்!"

முன்வரிசையில் நாற்பத்தெட்டுக்கு ஏறிவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்த ஒருவர் குனிந்து பையில் எதையோ தேட ஆரம்பித்தார். அன்றும் அடக்கிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் மேற்கொண்டு அடக்க முடியாமல் ஓடினார். யாரோ பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பச்சை பல்பு, புழு நெளியும் படம் ஓடும் பழைய செல்போன். குரு பின்கதவு வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

தையல்காரி வீட்டுக்கு ஓடினாள். டப்பாவை இறக்கி, மகள் வாயில் மாத்திரையைப் போட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ம்மா" என்றாள் குழந்தை. அரை வார்த்தைதான். நாற்பத்தேழோடு சொன்ன வார்த்தை.

குரு வாக்குக் கொடுத்த அடுத்த மாதமும் வந்துபோனது. நாய் இன்னும் பேசவில்லை. பேசினால் நம்மிடம் ஒன்றுதான் கேட்கும்: "வாயில குச்சியை விட வந்தப்போ நானாவது உறுமினேன். நீங்க ஏன்யா ஆன்னு திறந்தீங்க?"