துளைத்தகட்டுப் போரில் கட்டம் கண்ட வெற்றி

வாழ்க அவன் சுட்டுவிரல்! சுழல்நாற்காலியே தேராக, மவுஸே வாளாக, ஆறிப்போன காபியே வீரபானமாக, மூன்றாம் மாடியின் ஏசிக் குளிரில் களமாடிய பொறியாளனை, அலுவலகத்தார் 'கட்டம்' என்று அழைக்கும் நாற்கர நாயகனை, வணங்கித் தொடங்குவோம்.

களம் யாதெனின், கணினித்திரையில் கிடந்த ஓர் இரும்புத் தகடு. சல்லடைபோல் வரிசை வரிசையாக வட்டத் துளைகள் தாங்கியது. அது பாரம் தாங்குமா என்று கணக்கிட, அதன் மேனி முழுவதையும் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பகுத்தாக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே முக்கோணங்களைக் கொட்டி நிரப்பிவிடும். அடுத்த மேசைத் தம்பி அப்படித்தான் முடிப்பான், நேரத்துக்கு வீடும் போவான். நம் நாயகனோ அந்தப் பொத்தானை ஏறெடுத்தும் பாரான்.

"என் தகட்டுல ஒரு முக்கோணம்கூட நுழையாது. எல்லாம் நாலு பக்கம், எல்லாம் வரிசை," என்று காலையிலேயே அவன் முழங்கியதைத் தண்ணீர் கேன்வரை எல்லோரும் கேட்டார்கள்.

அன்று மாலைக்கு இன்னொரு வாக்கும் இருந்தது. கீழ்த்தளத்துக் கணக்குப் பிரிவில் பணிபுரியும் அவன் மனைவி சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள். போன முறை அவனுக்காக வாசலில் நின்றே பாதிப் படத்தை இழந்தவள் அவள். "இந்தத் தடவ காத்துட்டு நிக்க மாட்டேன். வந்தா வாங்க," என்று போனில் சொல்லியிருந்தாள். முரசொலிக்கும் அஞ்சாதவன் அந்த நிதானமான குரலுக்கு அஞ்சினான்.

எனினும் பொருதான். ஒரே ஒரு துளையைப் பிடித்து, அதைச் சுற்றிச் சதுரக் கோட்டை எழுப்பி, மூலைக்கு மூலை கோடிழுத்து நான்கு நாடுகளாக்கி, நாடுதோறும் துளையருகே வளைந்தும் எல்லையில் நிமிர்ந்தும் அணிவகுக்கும் நாற்கரப் படைகளை நிறுத்தி, கோணி நின்ற சிப்பாய்களைக் காதைத் திருகி நேராக்கி, அந்த ஒரு சதுரத்தையே படியெடுத்துப் படியெடுத்துத் தகடெங்கும் பரப்பினான். உண்மையாகவே அழகாக இருந்தது. அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

பாரம் ஏற்றிச் சோதனையை ஏவினான். அந்தோ, இழுத்த கணமே தகடு சதுரம் சதுரமாகப் பிய்ந்து, பாகம் பிரித்த பங்காளிகள்போல் திசைக்கொன்றாகப் பறந்தது. மென்பொருளைச் சபித்தான். உலகில் முதல் துளையைப் போட்டவனைச் சபித்தான். ஒவ்வொரு கட்டமாகத் திருத்தி மீண்டும் ஏவினான், மீண்டும் பறந்தது. படம் தொடங்கும் நேரம் நெருங்கியது.

பையைத் தோளில் மாட்டிய முக்கோணத் தம்பி போகிற போக்கில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, காப்பி பண்ணீங்க, சரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சீங்களா?"

ஒட்டவில்லை. சதுரங்கள் தொட்டுக்கொண்டு நின்றனவேயன்றி இணையவில்லை. கண்ணுக்கு ஒரே விளிம்பு, கணினிக்கு இரண்டு. அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. நாயகன் அதை அழுத்தினான், தகடு மலையென நின்றது. அவ்வெற்றிச் செருக்குடன் லிப்டை இகழ்ந்து, படிகள் அதிர இறங்கி, சிக்னல்களைச் சினந்து, ஆட்டோவை அம்பெனச் செலுத்துவித்து, தியேட்டர் வாசலில் வந்து குதித்து, மூச்சிரைக்க மனைவிக்குப் போன் செய்தான்.

உள்ளே அவன் சீட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.