இருபத்திரண்டாவது வளைவு

இருபத்தோராவது வளைவு வரை ஒழுங்காக ஏறிவந்த பொன்முடி பஸ், அன்றைக்கு வரவே இல்லை.

மத்தியானத் தூக்கம் கலைந்து கட்டிலில் உட்கார்ந்த சீதாலக்ஷ்மி இதை அறிவித்தபோது, அவள் கணவர் ராமசுப்ரமணியன் சுவர்க் காலண்டரில் பச்சை மையால் ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தார். மலையாளத் துலாம் மாதம் ஒன்றாம் தேதி. ஏஸி ஃபில்டர் மாற்றியாகிவிட்டது.

"எந்த பஸ்?"

"என் சொப்பனத்துல வர பஸ்தான். தெனம் சொல்றேனே, நீங்க காதுல வாங்கினாத்தானே!"

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று வாரமாக அவளுக்கு ஒரே கனவு. சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் போதும், பஸ் கிளம்பிவிடும். ஜன்னலோர சீட்டு. வெளியே பால் மாதிரி மூடுபனி. பஸ் நாளைக்கு ஒரு வளைவுதான் ஏறும். ஒரு பெண் குரல், "பதினெட்டு… பத்தொம்பது…" என்று எண்ணிச் சொல்லும். மணி அடிக்கும். அந்த பஸ்ஸில் அவளுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"இன்னும் ஒரே ஒரு வளைவு. நாளைக்கு உச்சிக்குப் போயிடலாம்னு நேத்திக்கு எத்தனை ஆசையா எழுந்துண்டேன் தெரியுமோ?" என்றாள்.

ராமசுப்ரமணியனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில், பொன்முடி மலைக்கு அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று முப்பத்தெட்டு வருஷம் போய்விட்டது. தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர் எத்தனையோ பைல்களைத் தீர்த்துவைத்தார். அந்த ஒரு பைல் மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

"இன்னிக்கு ஒண்ணாந்தேதியாச்சே," என்றாள் சீதாலக்ஷ்மி திடீரென்று. "காலம்பற முதல்ல யார் படியேறினா?"

மலையாள மாதம் ஒன்றாம் தேதி முதலில் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பவரின் ராசிதான் அந்த மாதம் முழுக்க என்பது அவர்கள் இருக்கும் கரமனைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே அடுத்த வீட்டுக் குழந்தை ஜானவியைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பது வழக்கம். அன்று ஜானவி எழுந்திருக்கவில்லை.

"பினு," என்றார். பினு என்பவன் ஏஸி மெக்கானிக்.

"கையில என்ன இருந்தது?"

"புது ஃபில்டர்."

"தீர்ந்தது போங்கோ!"

ஃபில்டர் விஷயத்தில் ராமசுப்ரமணியன் ஆசாரசீலர். மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் மாற்றுவார். ஆஸ்பத்திரி அலைச்சலில் சிங்கம், கன்னி இரண்டு மாதமும் தவறிப்போனது. அந்த அழுக்கு ஃபில்டரில்தான் பஸ் ஓடியது, புதியதில் நின்றுவிட்டது என்று சீதாலக்ஷ்மி சொன்னபோது, அவரால் மறுக்க முடியவில்லை. தேதிகள் அப்படித்தான் இருந்தன.

"பக்கத்து சீட்டுல யாராவது இருக்காளோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்கா. மூஞ்சி தெரியலை. நல்ல தைல வாசனை வரும். உச்சியில இறங்கறச்சே திரும்பிப் பாக்கணும்னு நெனச்சிண்டிருந்தேன்."

"நானா இருக்குமோ?"

"உங்ககிட்ட பவுடர் வாசனைன்னா வரும்!"

இரவெல்லாம் அவருக்கு அந்தத் தைலக்காரன் மேல் கோபம்.

மறுநாள் காலையில் பழைய ஃபில்டரைத் தேடிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வீட்டு வேலை செய்யும் பொன்னம்மை அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"இதை எதுக்கு அலம்பினே?" என்று ஏறக்குறைய அழுதார்.

"அழுக்கா கெடந்ததே, ஸாறே!" என்ற பொன்னம்மை, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருமினாள்.

"போனக்காட்டு மலை எஸ்டேட்டுல பொறந்தவளுக்கு என்ன இருமல்?"

"மலைக்குளிரு வேற, மெஷின் குளிரு வேற ஸாறே," என்று சொல்லிவிட்டு அவள் போனைத் தேடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

போன அழுக்கு போனதுதான். புது அழுக்கு தயாரித்தால் என்ன? ராமசுப்ரமணியன் பரண்மேல் ஏறி, இருபது வருஷப் பஞ்சாங்கங்களைத் தட்டி ஒரு முறம் தூசி சேகரித்தார். ஃபில்டரில் நிற்கவில்லை. தன் பவுடரைக் கலந்து அப்பினார். நின்றது. மத்தியானம் மனைவி கண்ணை மூடியதும் பக்தியோடு ஏஸியைப் போட்டார்.

வெண்மேகம் ஒன்று கட்டிலை நோக்கி இறங்கியது. பார்க்க மூடுபனி மாதிரியேதான் இருந்தது. சீதாலக்ஷ்மி நாற்பத்துமூன்று தும்மல் தும்மினாள்.

"பஸ் வந்ததா?" என்று ஆவலோடு கேட்டார்.

அவள் பார்த்த பார்வையில் அவரே தும்மிவிட்டார்.

மூன்றாம் நாள் பினு வந்தான். ஏஸியைத் திறந்தவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"எந்தா ஸாறே இது? ஏஸியா, அரிசி மில்லா?"

"பழையபடி கொஞ்சம் அழுக்கா வெச்சுக் கொடேன், பினு."

இருபது வருஷ சர்வீசில் யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்ற திகைப்பில் அவன் முழு மெஷினையும் கழற்றி, தண்ணீர் பீச்சியடித்துக் கழுவி, இன்னொரு புது ஃபில்டரையும் மாட்டிவிட்டான். "இனி காஷ்மீரு தன்னே, ஸாறே!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

சீதாலக்ஷ்மி இரண்டு கம்பளிக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தாள். இப்போது கனவும் இல்லை, தூக்கமும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள். "விடுங்கோ. நேரேயும் போகலை, சொப்பனத்துலயும் போகலை. எனக்குப் பொன்முடி விதிக்கலை, அவ்வளவுதான்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெளியே தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. அறைக்குள் வெளிச்சம் நீலமாக மங்கி, ஏஸியின் மெல்லிய உறுமலில் கட்டில், அலமாரி, காலண்டர் எல்லாமே எங்கோ மெதுவாக மிதந்து போவது போல இருந்தது. ராமசுப்ரமணியன் எழுந்து போய், மருந்து அலமாரியிலிருந்த முழங்கால் தைலத்தை எடுத்துக் கை, கழுத்து, மார்பு என்று தாராளமாகப் பூசிக்கொண்டார். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ட்ர்ர்ர்ர்… ட்ர்ர்ர்ர்… பாம் பாம்!"

சீதாலக்ஷ்மி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னன்னா இது?"

"பஸ். நீ கண்ணை மூடிக்கோ. இருபத்திரண்டு… ட்ர்ர்ர்ர்!"

"ஆட்டோ மாதிரின்னா இருக்கு!"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் நீர் வந்துவிட்டது. கையை நீட்டி அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உற்சாகமாகக் கியர் மாற்றினார்.

அந்த நேரம் பார்த்து, குரங்குக் குல்லாயும் சால்வையுமாக, நடுங்கும் கையில் காப்பியோடு உள்ளே வந்தாள் பொன்னம்மை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ரிட்டயர்ட் செக்‌ஷன் ஆபீசரைப் பார்த்து டம்ளரைக் கீழே விடப் பார்த்தாள்.

"ஸாறுக்கு என்ன ஆச்சு மாமி?"

ஒளித்துப் பயனில்லை என்று ராமசுப்ரமணியன் எல்லாவற்றையும் சொன்னார். கனவு, வளைவு, எண்ணிச் சொல்லும் பெண் குரல், தைல வாசனைக்காரன், ஃபில்டர், ஒன்றாம் தேதி, பினுவின் கால் ராசி, ஒன்று விடவில்லை.

பொன்னம்மை காப்பியை மேஜைமேல் வைத்தாள். சால்வைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது என் மோள் ஜினியோட சத்தமாக்கும் மாமி. பொன்முடி கேன்டீனுக்கு வேலைக்குப் போறச்சே தெனம் ஒரு வளைவா வீடியோ எடுத்து அனுப்புவா, மத்தியானம் மாமி ஒறங்கும்போ இங்க உக்காந்து ஒரு கையால மாமி முட்டுக்குத் தைலம் தேச்சு, மறுகையால அதப் பாத்துட்டு இருப்பேன். இந்த ஃபில்டர் மாத்தின பொறவு குளிரு சகிக்காம நான் உள்ள வரல்ல, கடைசி வளைவு வந்து நாலு நாளாச்சு, மாமி இல்லாம தனியா பாக்கத் தோணாம அப்படியே வச்சிருக்கேன்."